ஊர் சின்னதாயிடுச்சா, சின்னதாக்கிட்டாங்களா?

மே மாசம் முடிந்து நம்மாட்கள் எல்லாம் பெங்களூருக்குத் திரும்பியாச்சு. இனி ஒரு மாசத்துக்கு லிஃப்டுக்குள்ளும் பார்க் பெஞ்சிலும் ஒரே கொசுவத்தி சுற்றல்தான். "ஊருக்குப் போயிருந்தேன் சார். எம்மாம் பெரிய தெரு அது! இப்ப பார்த்தா இத்துனூண்டு இருக்கு." சொன்னவர் ஒரு பெருமூச்சு விடுவார். கேட்டவர் தன் பங்குக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில் பிரகாரம், ஒரு வேப்பமரம் என்று எடுத்துவிடுவார். கடைசியில் யாராவது ஒரு பெரியவர் தீர்ப்பு வாசிப்பார்: "ஊர் அப்படியேதாம்ப்பா இருக்கு. நாமதான் வளர்ந்துட்டோம்." எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுக் கலைவார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பு மேலதான் கோபம். கேட்க இதமாக இருக்கிறது, தத்துவம் மாதிரியும் இருக்கிறது. அதனாலேயே யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பதில்லை.

பாதி உண்மை இருக்கு, இல்லேங்கல. எங்கள் வீட்டுத் திண்ணை இரண்டரை அடி உயரம், 75 சென்டிமீட்டர் என்று வையுங்கள். எட்டு வயசில் நான் 125 சென்டிமீட்டர் இருந்திருப்பேன். அப்போது திண்ணை என் உயரத்தில் 60 சதவீதம். கையை ஊன்றி, எம்பி, வயிறு தேயத்தான் ஏறணும். இன்றைக்கு 172 சென்டிமீட்டர் ஆளான எனக்கு அதே பாடு வேண்டுமென்றால் திண்ணை கிட்டத்தட்ட மூன்றரை அடி இருக்கணும். அது அதே இரண்டரை அடியில்தான் நிற்கிறது. நான் போகிற போக்கில் உட்கார்ந்துவிடுகிறேன்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. படுத்திருக்கும் ஆளின் கண்ணில் ஒரு காட்சிக் கருவியை மாட்டி, குனிந்து பார்த்தால் தன் உடம்புக்குப் பதில் ஒரு பொம்மையின் உடம்பு தெரியும்படி செய்தார்கள். பொம்மையையும் ஆளையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த பொம்மைதான் தன் உடம்பு என்று மூளை நம்பிவிடுகிறது. பார்பி அளவு, 30 சென்டிமீட்டர் பொம்மைக்குள் 'இருந்தவர்களுக்கு' எதிரே இருந்த பொருள்கள் பெரியதாகவும் தூரமாகவும் தெரிந்தன. 4 மீட்டர் பொம்மைக்குள் இருந்தவர்களுக்குச் சின்னதாகவும் பக்கத்திலும் தெரிந்தன. ஆக, நாம் உலகத்தை அளக்கிற அளவுகோல் நம் உடம்புதான். பெரியவர் சொன்னது சரி.

ஆனால் எதுவரைக்கும் சரி? 172-ஐ 125-ஆல் வகுங்கள். 1.38 வருகிறது. தாராள மனசோடு ஒன்றரை மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். சின்ன வயசில் 200 எட்டு வைத்துக் கடந்த இடத்தை இன்றைக்கு 135 எட்டில் கடப்போம். அவ்வளவுதான். வளர்ந்த குற்றத்துக்கு நம் தலையில் கட்டக்கூடிய சுருக்கம் அந்த அளவுதான். நடந்து போன பாதையில் இப்போது ஏ.சி. காரில் போகிறோமே, அதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் ஒரு இடம் சுருங்கித் தெரிந்தால் அதற்குக் காரணம் நம் கண் இல்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு எட்டு வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நான் அதைத்தான் செய்தேன். என் பொண்ணுக்கு இப்போது எட்டு வயசு, ஏறக்குறைய அன்றைய என் உயரம். தாத்தா வீட்டுத் திண்ணையில் அவள் என்னை மாதிரியே எம்பி, வயிறு தேயத்தான் ஏறினாள். முழங்கையில் சிராய்ப்பு வேறு. "அப்பா, ரொம்ப ஹைட்டா இருக்குப்பா" என்றாள். திண்ணைக் கணக்கு நேராகிவிட்டது. அடுத்து ஊர் மந்தைக்குக் கூட்டிப் போனேன். பெங்களூரில் எத்தனையோ ராத்திரி கதையாகச் சொன்ன மந்தை. ஒரே நேரத்தில் பெரிய பசங்க ஒரு மேட்ச், நாங்க ஒரு மேட்ச், அந்தப் பந்தும் இந்தப் பந்தும் மாறிப் போய் சண்டை வரும். வைகாசிப் பொங்கலுக்கு ராட்டினமும் அங்கேதான், திரை கட்டி சினிமா போட்டதும் அங்கேதான்.

அவள் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோதானாப்பா?" என்றாள்.

அவள் வளரவே இல்லையே. அவளுக்கு ஏன் சின்னதாகத் தெரிகிறது?

ஏனென்றால் மந்தையே சின்னதாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மேல்நிலைத் தொட்டி, அதையொட்டி ரேஷன் கடை. (ரேஷன் கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு இடத்தில் கட்டித்தான் ஆகணும். அந்த 'எங்கேயோ' எப்போதும் ஏன் மந்தையாகவே இருக்கிறது என்பதுதான் கேள்வி.) இன்னொரு பக்கம் முதலில் வைக்கோல் போர், பிறகு தகரக் கொட்டகை, பிறகு கான்கிரீட் தூண். மூன்றாவது பக்கத்தில் யாரோ ஒருவரின் காம்பவுண்டு சுவர், நேராக வர வேண்டியது வயிறு தள்ளி வந்து நிற்கிறது.

பெங்களூர் திரும்பிய அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தேன். தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரம் வருகிறது. எங்கள் மந்தைக்குப் பதிவேட்டில் 0.65.5 ஹெக்டேர், அதாவது 1 ஏக்கர் 62 சென்ட். கூகிள் எர்த்தில் இன்றைக்கு வெற்றிடமாகக் கிடப்பதைச் சுற்றிக் கோடு போட்டு அளந்தால் 96 சென்ட் தேறுகிறது. கோடு போட்டதில் இரண்டு மூன்று சென்ட் முன்னே பின்னே இருக்கலாம். 66 சென்ட் என்னுடைய வளர்ச்சியாக இருக்க முடியாது சார்.

இதை வைத்து யோசித்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. நம் சின்ன வயசில் 'பெருசு' என்று மனசில் பதிந்த இடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். மந்தை, களம், கண்மாய்க் கரை, ஊரணி, மாடு மேயும் பொட்டல், வண்டிப்பாதை. இதில் ஒன்றாவது நம் அப்பா பெயரில் பட்டா உள்ள இடமா? எல்லாம் புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லாததால் நமக்குச் சொந்தமாக இருந்தவை. வீடு, திண்ணை, கிணற்றடி மாதிரி பட்டா இடங்கள் நம் கண்ணுக்கு மட்டும்தான் சுருங்கின. அவற்றில் ஒரு அடி போனாலும் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய் விடுவோமே! பொது இடம் போனால் கேஸ் போட ஆளில்லை. அதைத்தான் நாம் 'சின்ன வயசு மயக்கம்' என்ற கணக்கில் எழுதி மூடிவிடுகிறோம்.

கண்மாய் எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரே நாளில் யாரும் கண்மாயைத் திருடுவதில்லை. முதலில் வரத்துக் கால்வாய் தூர்ந்து போகும். அதில் மராமத்து வேலை செய்ய ஆள் போவது நின்று பல வருஷம் ஆகியிருக்கும். தண்ணீர் வராத வருஷங்களில் உள்வாயில் சீமைக்கருவேல் அடையும். கண்மாய் காடாகத் தெரிய ஆரம்பித்ததும் "அங்க எங்க தண்ணி நிக்குது?" என்று ஒரு பேச்சு கிளம்பும். இந்தப் பேச்சுதான் முக்கியம். தண்ணி நிக்காத கண்மாயில் ஓரமாக இரண்டு வரப்பு போட்டு உளுந்து விதைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அடுத்து மோட்டார் ரூம், அதற்கு ஒரு கரண்ட் கனெக்‌ஷன், அந்தக் கரண்ட் பில்லை வைத்து வீட்டுவரி ரசீது, ரசீதை வைத்து பட்டா மனு. நல்ல மழை பெய்து கண்மாய் தன் இடத்துக்குத் திரும்பி வரும்போது "வெள்ளம் ஊருக்குள்ள புகுந்திருச்சு" என்று நியூஸ் போடுவார்கள். ஊர்தான் கண்மாய்க்குள் புகுந்தது என்று யாரும் போடுவதில்லை.

இது கிராமத்து ஏமாற்று வேலை மட்டும் இல்லை. இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அரசாங்கம்தான், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து. சென்னையில் 1920-களில் லாங் டேங்க்கை வற்றவைத்து எழுப்பியதுதான் தி.நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கைக் காட்டுங்கள் பார்ப்போம். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க்கும் இல்லை பண்டும் இல்லை. அந்த ஏரி கிடந்த பகுதியில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். நீரின்றி அமையாது உலகு என்று சொன்னவருக்கு ஏரியைத் தூர்த்து மண்டபம்!

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் அது இதைப்போலப் பல மடங்கு பரந்து கிடந்தது. நடுவில் பெருங்குடி குப்பைமேடு, சுற்றிலும் கட்டடம். வேளச்சேரி பக்கம் வளர்ந்த நண்பர் ஒருவர் "சின்ன வயசுல கடல் மாதிரி தெரியும்டா" என்பார். அது சின்னப் பையனின் மிகை என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டதுண்டு. அவர் பார்த்தது உள்ளதுதான். 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் முதல் மாடியிலிருந்து படகில் இறங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாம் வந்து ஒட்டிக்கொண்ட இந்த பெங்களூர் மட்டும் என்னவாம்? நாம் பஸ் ஏறுகிற மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்தவர்கள் தங்க கோரமங்களா ஏரியில்தான் அடுக்குமாடி கட்டினார்கள். இங்கே பிறந்து வளர்ந்த கன்னடக்காரர் ஒருவர் "எங்க ஊர் சின்னதாயிடுச்சு" என்று சொன்னால் அதையும் மனப்பிரமை என்போமா? 2022 செப்டம்பரில் ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, பிரமையில் யாரும் டிராக்டர் ஏறுவதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கு. ஏரி, குளம் போன்ற பொது நீர்நிலைகளைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சொல்லிவிட்டது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கு. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்கள், காசைக் கட்டிவிடுகிறோம், எங்கள் பெயருக்கே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். மாநில அரசும் சரி என்றது. முடியாது என்று தீர்ப்பு வந்தது. நாடு முழுக்கக் கிராமப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவும் போட்டார்கள். தமிழ்நாட்டில் ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அது அப்போதைய பொதுப்பணித்துறையின் கையில் இருந்த ஏரிகளுக்கு. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சின்னக் கண்மாய்கள் பஞ்சாயத்து யூனியன் பொறுப்பு. நம்மில் பலர் நீச்சல் பழகியது அந்தச் சின்னக் கண்மாயில்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "கண்மாய்க் கரையில் குடிசை போட்டிருப்பவன் பாவம், அவனைத் துரத்தச் சொல்றியா?" இல்லை. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று ஜே.சி.பி. கிளம்பினால் முதலில் அங்கேதான் போகும், எனக்கும் தெரியும். ஊருக்குள் இடமில்லாதவன், சேரியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவன் என்று அங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு நத்தத்தில் மனை கொடுத்துவிட்டுத்தான் பேசணும். நான் சொல்வது வரப்பை நகர்த்தின பத்து ஏக்கர்காரரை, காம்பவுண்டுக்கு வயிறு வைத்தவரை, ஏரிக்குள் ஆபீஸ் கட்டுகிற துறைகளை. கூரைக்கு ஒரு நியாயம், கான்கிரீட்டுக்கு ஒரு நியாயம் என்று நடப்பதைப் பற்றித்தான் பேச்சு.

அப்புறம் நம்மைப் பற்றி. வெளியூரில் சம்பாதிக்கிற நம்மைக் குறிவைத்துத்தான் ஊரில் லே-அவுட்டே போடுகிறான். பொங்கலுக்குப் போனால் மாமா கையில் ஒரு நோட்டீஸ் இருக்கும். "மாப்ளே, நாலு பிளாட்டு போட்டு வைங்க, பிள்ளைகளுக்கு ஆகும்." ஏதோ ஒரு நகர், ஆர்ச், நாலு தென்னங்கன்று, கலர் கலராக எல்லைக் கல். நாமும் வில்லங்கச் சான்று பார்ப்போம், வங்கிக் கடன் கிடைக்குமா என்று கேட்போம். அந்த இடத்தில் பத்து வருஷம் முன்னால் என்ன இருந்தது என்று ஒருத்தர் கேட்பதில்லை. இத்தனைக்கும் அதில் பாதி இடம் நாம் மீன் பிடித்த இடமாக இருக்கும். ஒரு கையால் பிளாட்டுக்கு இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு இன்னொரு கையால் 'அந்த நாள் ஞாபகம்' எழுதுவது எந்த ஊர் நியாயம்? வருஷத்துக்கு நாலு நாள் போகிறவனுக்கு நாலு பிளாட் எதற்கு என்று ஊரில் இருக்கிற தம்பி கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

"ஊர்ல இருக்கறவங்க பார்த்துக்கட்டும்" என்பது இன்னொரு சாக்கு. ஊரில் இருப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. வரப்பை நகர்த்தினவர் பக்கத்து வீடு, கல்யாணம் காட்சிக்கு முகம் பார்க்கணும், வண்டி இரவல் கேட்கணும். நமக்கு அந்த பயம் பாதிதான். தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், பதில் தர 30 நாள். கண்மாயின் சர்வே எண்ணைப் போட்டு, பரப்பு எவ்வளவு, கடைசியாக எந்த வருஷம் அளந்தீர்கள், எத்தனை பேருக்கு நோட்டீஸ் கொடுத்தீர்கள் என்று கேட்க பெங்களூரில் இருந்தால் என்ன, டெல்லியில் இருந்தால் என்ன? கூகிள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும், சீரியலை விடக் கொடூரமாக இருக்கும்.

மே 1 கிராம சபை நாள். கோடை லீவுக்கு நம்மில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு ஊரில்தான் மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்போம். நமக்கு அங்கே ஓட்டு இல்லாவிட்டால் போகட்டும், சித்தப்பாவுக்கு இருக்கிறது, அண்ணிக்கு இருக்கிறது. மந்தையையும் கண்மாயையும் சர்வேயரை வைத்து அளந்து கல் நட வேண்டும் என்று ஒரு வரித் தீர்மானத்தை எழுதிக் கையில் கொடுக்கலாம். இந்த வருஷம் எங்கள் ஊரில் எங்க அண்ணி அதைத்தான் எழுந்து நின்று வாசித்தார். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று சொல்லத் தேவையில்லை, அந்த வயிறு தள்ளிய சுவருக்குச் சொந்தக்காரர்தான். தீர்மானம் மினிட் புத்தகத்தில் ஏறிவிட்டது. சர்வேயர் இன்னும் வரவில்லை. நகல் கேட்டு மனு போட்டிருக்கிறோம்.

போன வாரம் ஒரு புரோக்கர் போன் செய்தார். நம்பர் எப்படிக் கிடைத்ததோ. "சார், உங்க ஊர்ப் பக்கமே புது லே-அவுட். நாலுவழிச் சாலையிலருந்து ரெண்டே கிலோமீட்டர். கண்மாயைப் பார்த்த மாதிரி, சும்மா லேக் வியூ சார்!"

"நல்லதுங்க. கலுங்கு அந்த இடத்துக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"என்னது சார், கழுகா?"

சர்வே எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை வரவில்லை.